கூலி நின்றாலும் அடுப்பு அணையாதிருக்க வீட்டு மனையை வட்டம் பிரித்துப் பயிரிடலாம்

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், நகரை ஒட்டி வளர்ந்துவரும் புறநகர்ப் பகுதிகளிலும் வாழும் பல சிறு விவசாயக் குடும்பங்களுக்கு வருமானம் ஒரே வழியில் வருவதில்லை. அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ செம்மண் நிலத்தில் முந்திரியும் நிலக்கடலையும் இருக்கும். வீட்டில் ஒருவர் அகல் விளக்கு, பொம்மை, மின் பியூஸ் கட்டை ஆகியவற்றைச் செய்யும் பீங்கான் பட்டறைக்குக் கூலிக்குப் போவார். மற்றவர்கள் களையெடுப்பு, கடலை பறிப்பு என்று அந்தந்தப் பருவத்து வேலையைப் பார்ப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவை எல்லாம் ஒன்றாகவே தளர்ந்துவிடுகின்றன. கார்த்திகை தீபத்துக்காக அகல் விளக்கு வேலை குவியும் காலம்தான் அடைமழைக் காலமும்; வார்த்து எடுத்த மண் வெயில் இல்லாமல் காயாது, காயாத மண்ணைச் சூளையில் ஏற்ற முடியாது. வயலில் ஈரம் தாங்காமல் கூலி வேலை நிற்கும். முந்திரிக்குப் பருவம் பங்குனி முதல் வைகாசி வரை. ஆடிப்பட்டக் கடலை விற்ற பணம் அதற்குள் உரக்கடைப் பாக்கிக்குப் போயிருக்கும். போதாக்குறைக்கு அந்த மாதங்களில்தான் சந்தையில் காய்கறி விலையும் ஏறுகிறது. ஆகவே இப்பகுதிக் குடும்பம் ஒன்று தன் வீட்டு மனையில் என்ன வைப்பது என்று யோசிக்கும்போது, "கார்த்திகை மாதத்தில் இது எனக்கு என்ன தரும்?" என்று ஒவ்வொரு செடியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் மாவட்டம் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கண்டது. அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும், செம்மண் மேட்டு முந்திரித் தோப்புகளும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. ஒட்டு முந்திரி நட்டால் மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் குடும்பம் எதைச் சாப்பிடுவது? பின்னர் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் பட்டறை நின்றது, கூலியும் நின்றது.

நடையை வைத்துப் பிரிக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவைச் சேர்ந்த பில் மாலிசன், அவருடைய மாணவர் டேவிட் ஹோம்கிரென் ஆகிய இருவரும் 1978இல் ஒரு நூல் வெளியிட்டனர். 'பெர்மாகல்ச்சர்' என்று அவர்கள் பெயரிட்ட முறை அதில் விளக்கப்பட்டது. தமிழில் இதை நிலைத்த வேளாண்மை எனலாம். 1987இல் மாலிசன் இந்தியாவுக்கு வந்து ஆந்திரத்தில் பயிற்சி நடத்தினார். 2017இல் இம்முறையைப் பின்பற்றுவோரின் உலக மாநாடு ஹைதராபாத்தில் கூடியது. ஹோம்கிரென் பிற்காலத்தில் புறநகர் வீடுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு மனைகளையும் எப்படித் திருத்தி அமைப்பது என்பதையே தனியாக எழுதினார்.

இம்முறையில் சிறு விவசாயிக்கு உடனே பயன்படும் கருத்து ஒன்று உண்டு. வீட்டை நடுவாக வைத்து நிலத்தை வட்டங்களாகப் பிரிக்க வேண்டும். எந்தச் செடியை அல்லது கால்நடையை நாளுக்குப் பலமுறை கவனிக்க வேண்டுமோ அது முதல் வட்டம். நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது இரண்டாவது. வாரத்துக்குச் சிலமுறை போகும் வயல் மூன்றாவது. எப்போதாவது விறகுக்கும் தழைக்கும் போகுமிடம் நான்காவது. மனிதன் கை வைக்காமல் விடும் காடு ஐந்தாவது. 'வட்டம்' என்ற சொல்லைப் பார்த்து நூல் பிடித்து வட்டம் போடத் தேவையில்லை. சமையல் அறையிலிருந்து கிணற்றடிக்குப் போகும் ஒற்றையடித் தடத்தின் இருபுறமும் முதல் வட்டமே. வீட்டுக்கு ஐந்தடியில் இருந்தாலும், யாரும் திரும்பிப் பார்க்காத பின்சுவர் மூலை மூன்றாம் வட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். கீரைப் பாத்தி சமையல் அறையிலிருந்து 60 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறிக்க, நீர் ஊற்ற, களை எடுக்க, கோழி விரட்ட என்று நாளுக்கு நான்குமுறை போய்வந்தால் 480 அடி. ஓர் ஆண்டில் இது ஏறத்தாழ 53 கிலோமீட்டர். விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே குறைவு. இதே பாத்தி 15 அடியில் இருந்தால் ஆண்டுக்கு 13 கிலோமீட்டர்தான். இந்த நடையை நடப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே. வேலைக்கும் போய்வந்து இரவுச் சமையலும் செய்பவர் 60 அடிக்கு அப்பால் உள்ள பாத்தியை நாளடைவில் மறந்துவிடுவது இயல்பு. வீட்டுத் தோட்டங்கள் முதல் ஆண்டிலேயே காய்ந்துபோவதற்குப் பூச்சியும் நோயும் காரணம் என்று சொல்லப்படுகிறது. தூரமே பெரிய காரணம்.

நம் முன்னோர் வீடுகளில் கிணற்றடியில் வாழை, புழக்கடையில் கறிவேப்பிலை, கொல்லையில் அவரைப் பந்தல், வேலியில் பிரண்டை என்று இருந்ததும் ஏறத்தாழ இந்த ஒழுங்குதான். மனை சிறுத்து, குழாய்க் கிணறு வந்து, சிமெண்டுத் தளம் போட்டபின் அது கலைந்துவிட்டது.

முதல் வட்டம்: ஒரு சென்ட்

எட்டு சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வீடு, முற்றம், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு மூன்று சென்ட் போய்விடும். மீதி ஐந்தில் ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர், சமையல் அறைக் கதவை ஒட்டியதாக இருக்கட்டும்.

இதில் சிறுகீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, நான்கைந்து கத்தரி, தக்காளி ஆகியவை வரலாம். சிறுகீரை விதைத்த 25ஆம் நாள் பறிக்கக்கூடியது. ஆகவே கீரைக்கு ஒதுக்கிய இடத்தை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால் இடைவெளியின்றிக் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்துவிட்டு, ஒரு வாரம் தெருவெல்லாம் கொடுத்து, பின்பு ஒரு மாதம் கடையில் வாங்குவது வழக்கமாக நடக்கும் தவறு.

இப்பகுதியின் செம்மண் வெயிலில் இறுகியும் மழையில் கரைந்தும் போகும் தன்மையுடையது. ஆகவே பாத்திகளை அரை அடி முதல் முக்கால் அடி உயர மேட்டுப் பாத்திகளாக அமைக்க வேண்டும். அகலம் நாலடிக்கு மேல் கூடாது; இரு புறமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்தியை மிதிக்கவே கூடாது. நன்கு மட்கிய தொழு உரத்தை ஒவ்வொரு விதைப்புக்கும் முன் இட்டுக் கொத்திவிட வேண்டும். வைக்கோல், காய்ந்த இலை, கடலைத் தொலி ஆகியவற்றால் மூடாக்கு இடலாம். கரையான் ஏறாமலும் பாம்பு தங்காமலும் இருக்க, வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு மூடாக்கு இன்றி வெறும் தரையாக விட வேண்டும்.

அடைமழையில் கீரை அழுகும். பழைய கொசுவலையையோ நிழல் வலையையோ மூங்கில் வளைவுகளின் மேல் கட்டினால் மழைத்துளியின் அடி குறையும். இருந்தாலும் கார்த்திகைக்குக் கீரையை நம்பக்கூடாது. அந்த மாதத்தில் அடுப்புக்கு வருபவை வேறு. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை அப்போதுதான் காய்ப்புக்கு வரும். ஆடியில் விதைத்த பூசணியை ஐப்பசிக்குள் காம்போடு அறுத்து, காற்றோட்டமான பரணில் ஒன்றோடொன்று படாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் மண்ணுக்குள்ளேயே இருப்பு. வேண்டும்போது ஒரு குத்தைத் தோண்டிக்கொள்ளலாம். மரவள்ளிக்கு மட்டும் நீர் தேங்காத மேட்டிடம் வேண்டும். கோடையில் காயவைத்த கத்தரி, கொத்தவரை, மணத்தக்காளி, சுண்டை வற்றல்களும், மண் பூசி வைத்த பலாக்கொட்டையும் இக்கணக்கில் சேர்ந்தவையே. சித்திரை வெயிலுக்கு விலை கிடையாது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வீட்டுக்கு மழைக்காலக் குழம்பு கவலை பாதி தீரும்.

தண்ணீர்க் கணக்கு

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 600 சதுர அடித் தளம் என்பது 56 சதுர மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டர் மழைக்கு 56,000 லிட்டர்; வழியில் வீணாவது போக 45,000 லிட்டர் கைக்கு வரும். காய்கறிப் பாத்திக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு நான்கு லிட்டர் என்று கொண்டால், ஒரு சென்டுக்கு 160 லிட்டர், நூறு நாளுக்கு 16,000 லிட்டர். கணக்கில் நீர் மிச்சம் இருக்கிறது.

ஆனால் 45,000 லிட்டரைச் சேமிக்கும் தொட்டி எந்தச் சிறு விவசாயி வீட்டிலும் இல்லை. கட்டவும் வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றைக் கொசு புகாதபடி வலை கட்டி மூடிவைத்தால் இடைவெளி நாட்களுக்கு ஆகும். மீதி முழுவதையும் வடிகட்டிக் கிணற்றுக்குள்ளோ, உறிஞ்சு குழிக்குள்ளோ விட வேண்டும். தமிழகத்தில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. குழி மட்டும் குப்பை அடைத்துக் கிடக்கிறது. ஆவணிக்குள் அதைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் கழுவிப் போட்டால் புதுச் செலவே இல்லை. முதல் மழை நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

கோடையில் கைகொடுப்பது குளியல் நீரும் துணி துவைத்த நீரும்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 150 முதல் 200 லிட்டர் இப்படி வெளியேறுகிறது. கழிப்பறை நீர் இதில் கலக்கக்கூடாது. மூன்றடி ஆழக் குழியில் உடைந்த செங்கல்லும் மணலும் நிரப்பி, அதைச் சுற்றி வாழை மூன்று, சேம்பு, கல்வாழை நட்டால் சோப்பு நீரைக் குடித்து வளரும். வாழைக்காய், பூ, தண்டு, இலை என்று அந்த இடம் எந்த மாதமும் வெறுமையாக விடாது. துவைத்த நீரைக் கீரைக்கும், பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்கும் ஊற்றுவது நல்லதல்ல.

பீங்கான் ஊரில் மண்பானைப் பாசனம்

சூளைகள் உள்ள ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருளொன்றைத் தோட்டத்தில் பயன்படுத்துவோர் குறைவு. ஐந்தாறு லிட்டர் கொள்ளும் சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளை வழியாக நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் செல்லும். மண் காய்ந்தால் கசிவு கூடும். ஈரமாக இருந்தால் குறையும். பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கு பாகலோ புடலோ பீர்க்கனோ ஊன்றலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். இது சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட முறை. இதற்குப் பூச்சு இல்லாத மண்பானைதான் ஆகும். பளபளப்புப் பூச்சிட்ட பீங்கான் சாடியில் ஒரு சொட்டும் கசியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் உப்புப் படிந்து துளைகள் அடைபட்டால் பானையை மாற்றிவிட வேண்டும்.

பட்டறைகளில் ஒதுக்கப்படும் உடைசல்களில் பூச்சிடாத சில்லுகளை உறிஞ்சு குழிக்கும், தொட்டிச் செடிகளின் அடியில் வடிகாலுக்கும், நடைபாதைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வண்ணப் பூச்சிட்ட சில்லுகளைக் காய்கறிப் பாத்தியில் சேர்க்கக்கூடாது. சில பூச்சுகளில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு பொருள் கடலை விவசாயிகள் கவனிக்க வேண்டியது. பொம்மை வார்க்கும் அச்சுகள் பாரிஸ் சாந்தால் ஆனவை. பலமுறை வார்த்தபின் அச்சு தேய்ந்து குப்பைக்குப் போகிறது. பாரிஸ் சாந்து நீர் சேர்ந்து இறுகியபின் அது ஜிப்சமே. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுகிறது. 40 முதல் 45 நாள் வயதில் செடியின் பக்கத்தில் இட்டு மண் அணைக்கும்போது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய் நன்கு திரளவும் பொக்கு குறையவும் உதவுகின்றன. தேய்ந்த அச்சுகளைப் பொடித்து இதற்குப் பயன்படுத்த வழியுண்டு. ஆனால் வார்ப்புக் குழம்பில் சேர்க்கும் சோடிய உப்புகள் அச்சின் மேற்புறத்தில் வெண்மையாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி எறிய வேண்டும். வண்ணமோ பூச்சோ படிந்த அச்சு ஆகாது. பொடியின் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொண்டு, முதல் ஆண்டில் இரண்டு சென்டில் மட்டும் இட்டுப் பார்ப்பதே முறை. இலவசமாகக் கிடைக்கிறது என்று வண்டி வண்டியாகக் கொட்டினால் நிலம் கெடும்.

இரண்டாம் வட்டம்: மரமும் கோழியும்

முதல் வட்டத்துக்கு அப்பால் உள்ள மூன்று, நான்கு சென்டில் பப்பாளி, முருங்கை, எலுமிச்சை, கொய்யா, அகத்தி, சுண்டை, கோவைப் பந்தல், கோழிக்கூடு, உரக்குழி ஆகியவை வரும். கறிவேப்பிலை மட்டும் மரமானாலும் முதல் வட்டத்துக்கு உரியது. தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.

பப்பாளியில் கோ.3, கோ.7 ஆகிய இரகங்களில் தனி ஆண் மரங்கள் தோன்றுவதில்லை. இரண்டு மூன்று மரம் மட்டும் வைக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது. மழைநீர் ஒன்றிரண்டு நாள் வேரடியில் தேங்கினாலே பப்பாளி சாகும். மண்மேடு அமைத்து நட வேண்டும். முருங்கையில் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.1 விதை மூலம் வளர்ந்து ஆறே மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். உயர்ந்து வளர்ந்து காற்றில் முறியவும் வாய்ப்பில்லை. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்புழு கூட்டமாக அப்பிக்கொள்வதால் முருங்கையை வாசலருகே வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது.

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஐந்து கோழி இருந்தால் குழந்தைகளுக்கு முட்டை வாங்க வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடாமல் கோழி வளர்ப்பது வீண் முயற்சி. ஒரே வாரத்தில் கூடு காலியாகும். முதல் வட்டத்துக்கும் இரண்டாம் வட்டத்துக்கும் இடையே மூங்கில் படலோ வலையோ கட்டாயம் வேண்டும். கோழியை விட்டால் கீரைப் பாத்தி ஒரு காலையில் முடிந்துவிடும். வெள்ளாடு என்றால் அதைவிடச் சீக்கிரம். எட்டு சென்ட் மனையில் ஆடு வளர்ப்பதானால் கட்டிவைத்து அகத்தி, வேலித் தழை வெட்டிப் போட வேண்டும். அதற்கு ஆளில்லாத வீட்டில் ஆடு வேண்டாம்.

கிளைரிசிடியா போத்துகளை மழைக்காலத்தில் வேலியோரம் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றினால், அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தழை வெட்டி மூடாக்குக்கும் உரக்குழிக்கும் பயன்படுத்தலாம். தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை ஆகியவை அதே வேலியில் தாமாகப் படரும்.

உயர்ந்து வளரும் மரங்களுக்கு இடம் குறிக்கும்போது 'தானே' புயலை மறக்கக்கூடாது. புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும். வடக்கிலிருந்து அடித்தது சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். ஆகவே இந்தப் பக்கம் வைத்தால் ஆபத்தில்லை என்று எதையும் சொல்ல முடியாது. பலா, மா, தென்னை ஆகியவை முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரமோ அதைவிடக் கூடுதல் தூரம் கூரையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் இல்லாத மனையில் அவற்றை வைக்காமல் வயல் வரப்புக்குக் கொண்டுபோவதே சரி. இலங்கையின் கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் பலாவும் கமுகும் மிளகும் வாழையும் அடுக்கடுக்காக நெருங்கி நிற்பதைப் படத்தில் பார்த்துவிட்டு அப்படியே நடுவோர் உண்டு. அது மழை மிகுந்த மலைநாடு. மாசி முதல் ஆனி வரை பெரிய மழை காணாத விருத்தாசலத்தில் அவ்வளவு நெருக்கம் நீருக்குப் போட்டியாகத்தான் முடியும்.

வயலும் அதற்கு அப்பாலும்

மூன்றாம் வட்டமான வயலில் முந்திரி இருக்கட்டும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ.3 போன்ற இரகங்களின் ஒட்டுச் செடிகளை ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டு, முதல் சில ஆண்டுகள் இடையில் நிலக்கடலையோ உளுந்தோ ஊடுபயிராக இடலாம். தோப்பு முழுவதும் முந்திரியே என்றில்லாமல் ஓரங்களில் புளி, பனை, வேம்பு, சீதா இருந்தால் ஒரு புயலில் எல்லாம் ஒன்றாகப் போகாது. பனை சாய்வது அரிது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில் பகுதி 1968இல் மழைநீர் அரித்த வெற்றுச் செம்மண் மேடாக இருந்தது. அங்கே மரம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுத்து மழைநீரை நிறுத்தியதுதான். மேட்டு நிலம் உள்ளவர்கள் கன்று வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் வரப்புக்குச் செலவிடலாம்.

நான்காம், ஐந்தாம் வட்டங்கள் சிறு விவசாயிக்குச் சொந்தமாக இருப்பதில்லை. ஓடைக்கரை, ஏரிக்கரை, கோயில் காடு ஆகியவையே அவை. தேனீயும் குருவியும் அங்கிருந்துதான் பந்தலுக்கு வருகின்றன. அவற்றைத் தீ வைக்காமலும் வெட்டாமலும் விட்டால் போதும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இம்முறையைப் பரப்புவோர் சிலர் கால் ஏக்கரில் குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும் என்று சொல்வதுண்டு. அது மிகை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒருவருக்கு நாளுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும். ஐந்து பேருக்குக் காய்கறி மட்டும் ஆண்டுக்கு 730 கிலோ. முதல் இரு வட்டங்களிலும் சேர்த்து இரண்டரை சென்ட், அதாவது 100 சதுர மீட்டர், காய்கறி விளைந்து, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு மூன்று கிலோ என்று குறைவாகவே வைத்தாலும் 300 கிலோ வரும். தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு. அரிசியும் எண்ணெயும் பருப்பும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் எண்ணெயும் உரமும் வராமல் தவித்த கியூபா நாட்டில், தலைநகர் ஹவானாவின் காலி மனைகளில் எல்லாம் காய்கறி விளைந்தது. அங்கும் தானியம் இறக்குமதியாகவே இருந்தது.

ஆயினும் அந்த ஐந்தில் இரண்டு பங்கு எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி இல்லாத நாட்களில் கடனுக்கு வாங்குவது பெரும்பாலும் அரிசி அல்ல. நியாயவிலைக் கடை அரிசி வீட்டில் இருக்கும். காய், முட்டை, புளி, மிளகாய் என்ற சில்லறைச் செலவுதான் வட்டியாக ஏறுகிறது.

வாடகை வீட்டிலும் புறம்போக்கு மனையிலும் இருப்போர் மரம் வைக்கத் தயங்குவது நியாயமே. அவர்கள் முதல் வட்டத்தை மட்டும், அதுவும் பழைய பானை, சாக்கு, பெயிண்ட் இல்லாத வாளி ஆகியவற்றில் அமைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது தூக்கிச் செல்ல முடியும்.

தொடங்குவோர் முழு மனையையும் ஒரே பருவத்தில் கொத்தவேண்டாம். முதல் ஆண்டு ஒரு சென்ட் போதும். வைகாசியில் ஒரு வாரம் வீட்டார் எந்தத் தடத்தில் நடக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் தடத்தின் ஓரத்தில் பாத்தி குறிக்க வேண்டும். குறித்த இடத்தில் ஐந்தாறு குழிகளில் அரை அடி ஆழ மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ மாதிரியைத் துணிப்பையில் மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். அவரை, பூசணி, பீர்க்கன் விதைகளை ஆடிக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டு முந்திரி, காய்கறி விதை, பயிற்சி ஆகியவை பற்றி விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டறியலாம். அவரை ஊன்றுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகக் குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு ஆறவிட வேண்டும். பந்தல் கால்களையும் அப்போதே நட்டுவிட்டால் கொடி வீசும் நேரத்தில் ஆள் தேட வேண்டியிராது.